கெசார் ஸ்டேடியத்துல கேமரா ஏன் விலகிப் போச்சு

டர்ட்டி ஹாரின்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகத்துக்கு வர்றது அந்தப் பெரிய துப்பாக்கிதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29, பாயிண்ட் 44 மேக்னம், அதை நீட்டிக்கிட்டு கீழ கெடக்குற கொள்ளைக்காரன்கிட்ட நான் அஞ்சு தடவை சுட்டேனா ஆறு தடவை சுட்டேனான்னு க்ளின்ட் ஈஸ்ட்வுட் பல்லைக் கடிச்சுக்கிட்டு கேப்பாரே, அந்த எடம். ரீல்ஸ்ல சுத்துறது அதான், டி-ஷர்ட்ல வர்றதும் அதான். எனக்கு அந்தப் படத்துல மனசுல தங்கிப்போனது வேற ஒண்ணு. படம் பாதி தாண்டுனதும் ஒரு ஸ்டேடியம் சீன் வரும், அதுல ஒரு கட்டத்துல கேமரா அப்படியே கெளம்பி மேல போயிரும். அந்த ஒத்த ஷாட்டைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதணும், ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது.

பாக்காதவங்களுக்காக கதையைச் சுருக்கமா சொல்லிர்றேன். 1971 டிசம்பர்ல வந்த படம், டான் சீகல் டைரக்‌ஷன், ஊரு சான் ஃப்ரான்சிஸ்கோ. உயரமான பில்டிங் மொட்டைமாடியில ஒருத்தன் ரைஃபிளோட உக்காந்து, தூரத்துல நீச்சல்குளத்துல குளிச்சுக்கிட்டிருக்குற ஒரு பொண்ணைச் சுட்டுக் கொல்றான், ஒரு காகிதத்துல ஸ்கார்ப்பியோன்னு கையெழுத்துப் போட்டு, ஒரு லட்சம் டாலர் குடுக்கலேன்னா இன்னும் ஆளுகளைக் கொல்லுவேன்னு எழுதி வச்சுட்டுப் போறான். 1960கள் கடைசியில அதே ஊர்ப் பக்கத்தை நிஜமாவே நடுங்க வச்ச ஸோடியாக்குன்னு ஒரு கொலைகாரன் இருந்தான், பேப்பருக்கு லெட்டர் போடுவான், ஸ்கூல் பஸ்ஸைச் சுடுவேன்னு மிரட்டுவான், அவனை வச்சுதான் இந்த ஸ்கார்ப்பியோவை எழுதுனாங்க. நிஜ ஸோடியாக் மாட்டவே இல்லை. படம் வந்தப்ப அந்த ஊர்க்காரங்க எப்படிப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க, வெளிய அவன் எங்கயோ நடமாடிக்கிட்டு இருக்கான், திரையில ஹாரி காலஹன்னு ஒரு இன்ஸ்பெக்டர் அவனை விரட்டிக்கிட்டு ஓடுறாரு.

ஓடுறாருன்னா சும்மா இல்லை. ஸ்கார்ப்பியோ அடுத்து ஒரு சின்னப் பொண்ணைக் கடத்தி, காத்து கொஞ்சமா இருக்குற ஒரு குழியில போட்டு மூடிட்டேன், இத்தனை மணிக்குள்ள ரெண்டு லட்சம் கொண்டு வான்னு சொல்றான். ஹாரி அந்தப் பணத்தை ஒரு மஞ்சப் பையில போட்டுக்கிட்டு (நெசமாவே மஞ்சக் கலர் பை, எனக்கு அதைப் பாத்ததும் நம்மூர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துருச்சு) ஒவ்வொரு பூத்தா ஓடி ஓடி போனை எடுக்குறாரு, ராத்திரி நேரம், மேடு பள்ளமான ஊரு, மூச்சு வாங்குது. கடைசியில மவுன்ட் டேவிட்சன்னு ஒரு குன்னு, உச்சியில பிரம்மாண்டமான ஒரு சிலுவை, அதுக்குக் கீழ வச்சு ஸ்கார்ப்பியோ அவரை மிதிமிதின்னு மிதிக்கிறான். ஹாரி கால்ல டேப் போட்டு ஒட்டி வச்சிருந்த கத்தியை எடுத்து அவன் தொடையில சொருகிடுறாரு. கத்திக்கிட்டே நொண்டி ஓடிர்றான். கேமராமேன் ப்ரூஸ் சர்ட்டீஸுக்கு இருட்டோட இளவரசன்னு ஒரு பட்டப்பேரு உண்டு, இந்த சீனைப் பாத்தா ஏன்னு தெரிஞ்சிரும், பாதி நேரம் நமக்கு ஒண்ணுமே தெரியாது, சத்தம் மட்டுந்தான்.

அப்புறம்தான் கெசார் ஸ்டேடியம். அவனுக்குக் காலுக்கு மருந்து போட்டுவிட்ட டாக்டர், இந்த ஆளு அங்க ஸ்டேடியத்துலதான் தங்கியிருக்கான்னு சொல்லிர்றாரு. ஹாரி வாரண்டெல்லாம் வாங்கல, நேரா போயி கதவை ஒடைச்சு உள்ள போறாரு, ரைஃபிள் கெடைக்குது, ஆளு மைதானத்துக்குள்ள ஓடுறான். கூட வந்த போலீஸ் ஸ்டேடியம் லைட்டைப் போட்டுவிடுறாரு, அத்தனை பெரிய காலி மைதானம் சட்டுன்னு வெள்ளையாயிருது, நடுவுல நொண்டிக்கிட்டு நிக்கிறான் அவன். ஒரே குண்டு, விழுந்துர்றான். ஹாரி பக்கத்துல போறாரு. எனக்கு வக்கீல் வேணும், எனக்கு உரிமை இருக்குன்னு அவன் அழுகுறான், அந்தப் பொண்ணு எங்கன்னு இவரு கேக்குறாரு, அவன் மறுபடி வக்கீலுங்குறான், இவரு புண்ணான அந்தக் காலு மேல தன்னோட காலைத் தூக்கி வைக்கிறாரு. அழுத்துறாரு. அவன் அலறுறான். அப்பதான் அது நடக்கும். கேமரா பின்னாடி போகும், ஹெலிகாப்டர்ல மேல மேல போகும், ஹாரியும் அவனும் ரெண்டு புள்ளியாயிருவாங்க, ஸ்டேடியம் முழுசாத் தெரியும், அப்புறம் பனி வந்து மூடிரும், அலறல் மட்டும் லாலோ ஷிஃப்ரின் மியூசிக்கோட கலந்து கொஞ்ச நேரம் கேக்கும். அடுத்த ஷாட்டு விடிகாலை. அந்தப் பொண்ணை பொணமா வெளிய எடுக்குறாங்க, ஹாரி தள்ளி நின்னு கோல்டன் கேட் பாலத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு.

ஒரு கமர்ஷியல் போலீஸ் படத்துல, ஹீரோ வில்லனை வதைக்கிற சரியான நேரத்துல, ஆடியன்ஸ் நல்லா போடு போடுன்னு எழுந்து நிக்கிற நேரத்துல, டைரக்டரு நம்மளைக் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிர்றாரு. ஏன்?

இதை என் மாமாகூட உக்காந்து பாத்தப்பதான் அந்தக் கேள்வி எனக்குள்ள பெருசாச்சு. மாமா போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, மதுரையைச் சுத்தியே பாதி சர்வீஸு. சின்ன வயசுல மேலவெளி வீதி ரீகல் தியேட்டர்ல இங்கிலீஷ் படமா பாத்துத் தள்ளுன ஆளு. விக்டோரியா எட்வர்ட் ஹாலுக்குள்ள இருந்த அந்த ரீகலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, வசனம் புரியாட்டியும் மூஞ்சியைப் பாத்தே கதையைப் பிடிச்சிருவோம் மாப்ளம்பாரு. நான் இந்தப் படத்தை மொத மொத பாத்தது டவுன்ஹால் ரோட்டுல வாங்குன ஒரு டிவிடில, அது தேஞ்சு போயி ரொம்ப நாளாச்சு, இப்ப டிவியில பெருசா போட்டு அவரை உக்கார வச்சேன். படம் தொடங்குறதே பணியில செத்துப்போன சான் ஃப்ரான்சிஸ்கோ போலீஸ்காரங்க பேரை வரிசையா கல்லுல காட்டித்தான். மாமா சாஞ்சு உக்காந்திருந்தவரு நிமிந்துட்டாரு. அக்டோபர் 21ன்னாரு. காவலர் வீரவணக்க நாளு, 1959ல லடாக்குல செத்த போலீஸ்காரங்களுக்காக வருசா வருசம் நடத்துறது, அவரு சர்வீஸ்ல இருந்தவரைக்கும் அந்தப் பரேடுக்குத் தப்பாம நின்னிருக்காரு.

படம் ஓட ஓட அவரு பாத்ததெல்லாம் நான் பாக்காத விசயம். ஹாரி வாயில ஹாட்டாக்கை மென்னுக்கிட்டே பேங்க் கொள்ளையைச் சுட்டுத் தடுக்குற சீன்ல நான் ஸ்டைலைப் பாத்தேன், அவரு, ‘சாப்பாட்டை முடிக்க விடுறாய்ங்களா பாரு, இதான்டா எங்க பொழப்பு’ன்னாரு. மேயர் ரூம்ல, நேத்துலேருந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேக்குறப்ப, வெளிய உக்கார வச்சு காக்க வச்சதைச் சொல்லிக் காட்டுவாரே ஹாரி, அதுக்கு மாமா சத்தமா சிரிச்சாரு. ‘எங்காளு எவனாவது எஸ்பி முன்னாடி இப்படிப் பேசுனா அன்னைக்கு சாயந்தரமே ஏ.ஆர்.க்கு அனுப்பிருவாய்ங்க, அடுத்த வாரம் திரீ-பி சார்ஜ் வந்துரும்’னாரு. ஏ.ஆர்.னா ஆயுதப்படை, திரீ-பின்னா துறைரீதியா போடுற பெரிய சார்ஜு, இன்க்ரிமென்ட்டுலேருந்து வேலை வரைக்கும் போகலாம். நாம விதியை மீறுற போலீஸுன்னு சொல்றப்ப நம்ம மனசுல இருக்குறது மேலதிகாரியை எதுத்துப் பேசுறவரு. போலீஸுக்குள்ள இருக்குறவங்களுக்குத் தெரியும், மேல எதுத்துப் பேசுறது ஒரு மீறல், கீழ ஒருத்தன் கால்ல ஏறி மிதிக்கிறது வேற ஒரு மீறல், ரெண்டும் ஒண்ணு இல்லை. படத்தோட சாமர்த்தியமே இந்த ரெண்டையும் ஒரே ஆளுகிட்ட வச்சு, மொதல்ல மேல எதுத்துப் பேசுறதைக் காட்டி நம்மளை அவரு பக்கம் சாய வச்சுட்டு, அப்புறம் ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதான்.

அடுத்து வர்ற டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அங்க அரசு வக்கீலு) சீனு மாமாவுக்கு ஒத்தே வரல. அந்த சீன்ல என்னன்னா, ஹாரியைக் கூப்பிட்டு, நீ வாரண்ட் இல்லாம உள்ள போனதால அந்த ரைஃபிளை சாட்சியமா வைக்க முடியாது, அடிச்சு வாங்குன வாக்குமூலமும் செல்லாது, ஆளை விட்டுர்றோம்ங்குறாங்க. எஸ்கோபெடோ, மிராண்டான்னு கேஸ் பேரெல்லாம் சொல்றாங்க, ரெண்டும் போலீஸ் பிடிச்ச ஆளோட உரிமையைப் பத்தின நெசமான தீர்ப்பு, 1964, 1966. அப்ப அந்தச் செத்த பொண்ணோட உரிமையை யாரு பேசுறதுங்குறாரு ஹாரி. படத்தோட மொத்தக் கோவமும் இங்கதான் இருக்கு. மாமா டிவியை நிறுத்தச் சொல்லிட்டாரு. ‘துப்பாக்கியவே தள்ளிட்டாய்ங்களா? 165 போட்டு காரணத்தை எழுதி வச்சுட்டு உள்ள போயிருக்கலாம்ல, விஏஓவைக் கூப்பிட்டு மகஜர் போட்டா கேஸ் நிக்கும்டா’ன்னாரு.

அவரு சொன்னது நெசம்தான். நம்ம ஊரு சட்டம் வேற மாதிரி. பழைய சிஆர்பிசி, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், 165வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 185, அவசரம்னா விசாரணை அதிகாரி காரணத்தை எழுதிட்டு வாரண்ட் இல்லாமலே சோதனை போடலாம். சோதனையே முறைகேடுன்னாலும், அதுல கெடைச்ச பொருளு வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா இருந்தா சாட்சியமா எடுத்துக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 1973லயே பூரன்மல் வழக்குல சொல்லிருச்சு. ஆனா நாம அமெரிக்காக்காரனை விடக் கறாரா இருக்குற எடமும் ஒண்ணு இருக்கு. போலீஸ்கிட்ட குடுக்குற ஒப்புதல் வாக்குமூலம் செல்லவே செல்லாது. அடிச்சு வாங்குனாலும் சரி, டீ வாங்கிக் குடுத்து வாங்குனாலும் சரி. 1872 சாட்சியச் சட்டத்துல 25வது பிரிவு, இப்ப 2024 ஜூலைலேருந்து புதுச் சட்டத்துல 23. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது, ஆனா அவனுக்கே தன்னோட போலீஸு ஸ்டேஷனுக்குள்ள என்ன பண்ணும்னு தெரிஞ்சிருந்துச்சு, அதான் அப்படி எழுதுனான். ஒரே ஒரு வாசல் மட்டும் வச்சிருக்கு, அந்த வாக்குமூலத்தால ஏதாவது பொருள் கெடைச்சா அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கலாம், பழைய 27. நம்ம பேப்பர்ல ‘அவர் கொடுத்த தகவலின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது’ன்னு வாரத்துக்கு நாலு தடவை வருமே, அது இந்த வாசல் வழியா வர்றதுதான்.

இதை யோசிச்சப்பதான் நம்ம போலீஸ் படங்கள்ல ஏன் எப்பவுமே ஒரு மந்திரி வர்றாருன்னு எனக்குப் பிடிபட்டுச்சு. அமெரிக்கப் படத்துல வில்லனை வெளிய விடுறதுக்கு சட்டப் புத்தகம் போதும். இங்க சட்டப் புத்தகம் அவ்வளவு லேசுல விடாது, அதனால கதைக்கு ஒரு போன்காலு தேவைப்படுது, எம்எல்ஏ இல்லாட்டி மந்திரி, ‘நம்ம பையன்யா’ன்னு ஒரு வார்த்தை. அப்ப ஹீரோ எதுத்து நிக்கிறது சட்டத்தை இல்லை, அதிகாரத்தை. கை தட்ட லேசா இருக்கு. இது எப்பவும் இப்படி இருந்ததும் இல்லை. டர்ட்டி ஹாரி வந்து மூணு வருசத்துல, 1974ல, தங்கப்பதக்கம் வந்துச்சு, அதுல சிவாஜி விதியை ஒரு இம்மி மீறாத எஸ்.பி. சௌத்ரி, பெத்த மகனையே சுடுற வரைக்கும் போறவரு. அங்க சிங்கம் மாதிரி நிக்கிறது விதியைக் காப்பாத்துறதுக்கு. அடுத்த பத்திருவது வருசத்துல நம்ம ஹீரோ போலீஸு அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்துட்டாரு, என்கவுண்டரு போடலேன்னா போலீஸ் படமே இல்லைங்குற நெலைமைக்கு வந்தாச்சு. அவங்க ஹாரிகிட்டேருந்து எடுத்துக்கிட்டது துப்பாக்கியை. அந்த ஹெலிகாப்டர் ஷாட்டை யாரும் எடுத்துக்கல. நம்ம படத்துல லாக்கப் அடின்னா கேமரா இன்னும் கிட்டப் போகும், ஸ்லோமோஷன், பின்னாடி பறை.

சரி, ஸ்டேடியத்துக்கு வர்றேன். ஹாரி காலை மிதிக்கிறப்ப நமக்கு ஏன் கோவம் வரல? இப்பவும் அந்த எடத்துல எனக்கு உடம்பு சிலிர்க்குது, பொண்ணு செத்துக்கிட்டு இருக்குன்னு மனசு அடிச்சுக்குது, அதை நான் மறைக்கல. காரணம் ரொம்ப எளிசு. அவன்தான் கொன்னான்னு நமக்குத் தெரியும். மொட்டைமாடியில அவன் ரைஃபிளைப் பூட்டி, கண்ணை வச்சு, குளத்துல அந்தப் பொண்ணைக் குறி பாத்ததை நாம அவன் தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்தோம். இதுல சந்தேகத்துக்கு எடமே இல்லை. ஆனா ஸ்டேஷனுக்கு ஒருத்தனைக் கூட்டிட்டு வர்றப்ப அப்படி யாரும் எதையும் பாத்திருக்க மாட்டாங்க. ஒரு புகாரு, ஒரு சந்தேகம், மேலேருந்து சீக்கிரம் முடிங்கன்னு ஒரு போனு, அவ்வளவுதான். சினிமா நமக்குக் குடுக்குற அந்த நிச்சயத்தை எந்த எஸ்.ஐ.க்கும் யாரும் குடுக்க முடியாது.

மாமா அன்னைக்கு ஒரு கதை சொன்னாரு, எந்த ஊரு எந்த ஸ்டேஷன்னு எழுத வேணாம்னுட்டாரு. ஒரு கெணத்துல மோட்டாரு காணாமப் போச்சு. அந்தத் தோட்டத்துல வேலை பாத்த ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. ராத்திரி விசாரிச்சாங்க, எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான், எங்க வித்தேன்னு ஒரு கடையைச் சொன்னான், விடிஞ்சு போயிப் பாத்தா அப்படி ஒரு கடையே இல்லை. திரும்ப விசாரிச்சாங்க, இன்னொரு கடையைச் சொன்னான். அடி நிக்கணும்னா ஒரு பேரு சொல்லணும், அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். பல நாளு கழிச்சு மோட்டாரு அந்தக் கெணத்துக்காரரோட பங்காளி வீட்டு வைக்கப்படப்புக்குள்ள கெடந்துச்சு. ‘அடிச்சா வாயி தொறக்கும் மாப்ள, அதுல வர்றது நெசமான்னு அடிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?’ன்னாரு. அந்த ராத்திரி அவரு பாரா. வெளிய நின்னுக்கிட்டு இருந்தாரு. அதுக்கு மேல அவரு பேசல, நானும் கேக்கல.

இப்ப நம்ம பக்கம் இதுக்கெல்லாம் ஒரு பேரே வந்துருச்சு, மாவுக்கட்டு. ரவுடி ஒருத்தனைப் பிடிச்ச மறுநாளு பேப்பர்ல போட்டோ வரும், கையில கட்டு, கால்ல கட்டு, கீழ ‘கழிவறையில் வழுக்கி விழுந்ததில்’னு ஒரு வரி. கமெண்ட்ல எல்லாரும் சிரிக்கிற ஸ்மைலி போடுவாங்க. போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம் குற்றவாளிகளுக்கு மட்டும்தான் வழுக்குமான்னு 2025ல சென்னை ஹைகோர்ட்டே கேட்டுச்சு. அந்த ஸ்மைலியைப் பாக்குறப்பல்லாம் எனக்கு கெசார்தான் ஞாபகம் வருது. அங்க கேமரா மேல போயிருச்சு, ஆனா போறப்ப அலறலை நம்ம காதுல விட்டுட்டுப் போச்சு, நாம என்னத்துக்குக் கை தட்டுனோம்னு கேட்டுக்கிட்டே தான் அடுத்த சீனுக்குப் போக முடியும். மாவுக்கட்டு போட்டோவுல சத்தமே இல்லை.

நம்ம ஊருல கேமரா வேற மாதிரியும் விலகியிருக்கு. 2020 ஜூன், சாத்தான்குளம். லாக்டவுன்ல கடையை நேரம் தாண்டித் தொறந்து வச்சிருந்தாங்கன்னு ஒரு அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நாலு நாளுக்குள்ள அடுத்தடுத்து ரெண்டு பேரும் செத்துட்டாங்க. மதுரையில ஹைகோர்ட்டு கிளை தானா முன்வந்து வழக்கை எடுத்துச்சு, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை அனுப்பி விசாரிக்கச் சொன்னுச்சு, ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டுல கொண்டுவரச் சொன்னுச்சு. ஒரு போலீஸ் ஸ்டேஷனை விஏஓவும் தாசில்தாரும் காவல் காக்குற காட்சி எந்தப் படத்துலயும் வந்ததில்லை. மாஜிஸ்திரேட்டு போயிப் பாத்தா சிசிடிவி இருக்கு, ஹார்டு டிஸ்க்குல எடமும் தாராளமா இருக்கு, ஆனா பதிவாகுறது தெனமும் தானா அழியிற மாதிரி செட்டிங் வச்சிருக்கு. அந்த ராத்திரியே இல்லை. இதைப் பேப்பர்ல படிச்சப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. அதே வருசம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதினெட்டு மாசப் பதிவு இருக்கணும், முடியலேன்னா ஒரு வருசமாவது இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

சாத்தான்குளமாவது தூரம். 2025 ஜூன்ல நடந்தது நம்ம வாசல்ல. திருப்புவனம் மடப்புரம் காளியம்மன் கோயிலு, மதுரையிலேருந்து மானாமதுரை ரோட்டுல போனா ஒரு மணி நேரம் கூட ஆகாது, எங்க வீட்டுலயே வேண்டுதலுக்குப் போற கோயிலு. அங்க காவலாளி வேலை பாத்த ஒரு பையன், கார்ல வச்ச நகையைக் காணோம்னு ஒரு புகாரு, ஸ்பெஷல் டீம் கூட்டிட்டுப் போச்சு, மறுநாளு செத்துட்டான். அவன் ஒடம்புல 44 காயம்னு ஹைகோர்ட்டு கிளையில பேசுனாங்க. ஆனா இந்தத் தடவை ஒரு கேமரா விலகல. பக்கத்துல ஒளிஞ்சு நின்னு ஒருத்தர் போன்ல எடுத்த வீடியோ, சில நொடிதான், ஜன்னல் சட்டம் பாதி மறைக்குது, கை நடுங்குறது தெரியுது. எந்த ட்ரோன் ஷாட்டும் கெடையாது, யாரும் மியூசிக் போடல. போலீஸ்காரங்க கைதானாங்க, அந்த நடுங்குற வீடியோவும் வெளிய வந்துச்சு, கேஸு சிபிஐக்குப் போச்சு. அதை எடுத்த ஆளு அந்த நொடியில எவ்வளவு பயந்திருப்பாரு, மாட்டியிருந்தா அவரு கதி என்ன, அவருக்கு எல்லாம் தெரியும்ல, இருந்தும் கையைக் கீழ எறக்கல.

இதெல்லாம் சொல்றதால டர்ட்டி ஹாரி மோசமான படம்னு நான் சொல்றேன்னு நெனச்சுறாதீங்க. படம் வந்தப்பவே சினிமா விமர்சகர் பாலின் கேல் நியூயார்க்கர் பத்திரிகையில இது பாசிசத்துக்குப் பக்கம் போற படம்னு எழுதுனாங்க, அந்த வாதத்துல நியாயம் இருக்கு, அந்த அட்டர்னி சீனு ஒரு பக்கமா எழுதுனதுதான், எதிர்ப்பக்கத்துக்கு உருப்படியா ஒரு வசனம் கூட குடுக்கல. பின்னாடி 1984ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்துன்னா மிராண்டா எச்சரிக்கை (நீ பேசாம இருக்கலாம், வக்கீல் வச்சுக்கலாம்னு போலீஸ் சொல்றது) சொல்லாமலே கேள்வி கேக்கலாம்னு ஒரு விலக்கு குடுத்துச்சு, கேக்குறதுக்குத்தான், மிதிக்கிறதுக்கு இல்லை. ஆனா எழுதுன கதையை விட எடுத்த படம் நேர்மையானதுன்னு எனக்குத் தோணுது. ஆண்டி ராபின்சனைப் பாருங்க, இதான் அவருக்கு மொத சினிமா, ஸ்கார்ப்பியோவா வந்து சிரிச்சு அழுது கெஞ்சி ஊளையிடுறாரு. அவன் காசு குடுத்து ஒரு ஆளை வச்சு தன் மூஞ்சியைத் தானே ஒடைச்சுக்கிட்டு, ஹாரிதான் அடிச்சாருன்னு டிவிக்காரங்ககிட்ட சொல்லுவானே, அதுல படம் ஒரு விபரீதமான வேலை பண்ணுது, அடி வாங்குனேன்னு சொல்றவன் பொய்யன்னு நம்மளை நம்ப வைக்குது. அது எனக்குப் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. ஆனா அதே படம் கடைசியில ஹாரியை ஜெயிச்ச ஆளா அனுப்பல. ஸ்கூல் பஸ்ஸைக் கடத்துனவனை விரட்டிப் பிடிச்சு, ஆரம்பத்துல சொன்ன அதே வசனத்தை சிரிப்பே இல்லாம சொல்லிச் சுட்டுட்டு, பையிலேருந்து போலீஸ் ஸ்டாரை எடுத்துப் பாக்குறாரு, தண்ணிக்குள்ள வீசிர்றாரு. மாமா அதுக்கு, ‘அதை ஸ்டேடியத்துக்கு முன்னாடியே வீசியிருக்கணும்’னாரு. காக்கிச்சட்டையைப் போட்டுக்கிட்டு அந்தக் காரியத்தைப் பண்ணக்கூடாதுங்குறாரு, சட்டை இல்லாம பண்ணலாமான்னு கேட்டேன், ‘அப்ப அவனும் ஒரு அக்யூஸ்டு, அவ்வளவுதான்’னாரு.

வீசுன ஸ்டாரு ரெண்டு வருசத்துல திரும்ப வந்துருச்சு, 1973ல மேக்னம் ஃபோர்ஸ். அதுல டிராஃபிக் போலீஸ் பசங்க சில பேரு கோர்ட்டு விட்டவங்களையெல்லாம் தாங்களே சுட்டுக் கொல்றாங்க, ஹாரி அவங்களுக்கு எதுராவே நிக்கிறாரு. மொதப் படத்து மேல வந்த விமர்சனத்துக்குக் குடுத்த பதிலுன்னு நல்லாவே தெரியுது. கேக்க நல்லா இருக்கு, படமா எனக்கு அவ்வளவு ஒட்டல, ஏன்னா இங்க எல்லாத்தையும் வாயால பேசித் தீக்குறாங்க, கெசார்ல ஒரு வார்த்தை பேசாம அந்தக் கேமரா சொன்னதுல பாதி கூட வரல.

எனக்கு ஒரு போலீஸ் படம் பாக்கணும்னு ஆசை இருக்கு. சாத்தான்குளம் கேஸ்ல ஒரு பெண் ஏட்டு இருந்தாங்க. அந்த ராத்திரி டூட்டியில இருந்தவங்க, வெளிய சக போலீஸ்காரங்க நின்னுக்கிட்டு இருக்கப்பவே, உள்ள மாஜிஸ்திரேட்டுகிட்ட, விடிய விடிய அடிச்சாங்க, லத்தியிலயும் மேசையிலயும் ரத்தம் இருந்துச்சுன்னு சொன்னாங்க. பயந்து நடுங்கிக்கிட்டேதான் சொன்னாங்க, அப்புறம் கோர்ட்டு அவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கச் சொன்னுச்சு. துறையோட எழுதாத விதியை, யாரும் யாரையும் காட்டிக்குடுக்கக் கூடாதுங்குற விதியை மீறுன போலீஸு அவங்கதான். அந்த ஒரு ராத்திரியை மட்டும் யாராவது எடுக்கணும். ரைட்டர் டேபிள், ஓடுற ஃபேனு, உள் ரூம்லேருந்து வர்ற சத்தம், இவங்க ஜெனரல் டைரியைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, காலையில டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயி பிள்ளைகளுக்கு சாப்பாடு கட்டணும். நம்ம பக்கத்துலேருந்து இத்தனை டைரக்டருங்க போயிருக்காங்க, இந்த ஸ்டேஷன், இந்தப் பேச்சு, இந்தப் பயம் எல்லாம் அவங்களுக்குத் தெரியும். யாராச்சும் எடுங்கப்பா. மாமாவைக் கூட்டிக்கிட்டு மொத நாளே வந்துர்றேன்.